பெட்டியில் உள்ள எண்ணும் மேசைக்கடியில் உள்ள ஆன்டெனாவும்

டெஸ்க்டாப் கணினிக்கு வைஃபை அடாப்டர் வாங்கப் போனால், சென்னை ரிச்சி தெருவானாலும் சரி, உள்ளூர் கம்ப்யூட்டர் கடையானாலும் சரி, பேச்சு உடனே எண்ணுக்குப் போய்விடுகிறது. “அறுநூறு போதுமா சார், ஆயிரத்து இருநூறு தரட்டுமா? மூவாயிரமும் இருக்கு.” விலையும் அந்த எண்ணோடு சேர்ந்தே ஏறும். வாங்குபவர் கைக்கு எட்டிய பெரிய எண்ணை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார், கணினியின் பின்பக்கம் செருகுகிறார். சிக்னல் இரண்டு கோடுதான் காட்டுகிறது. வீடியோ நடுவிலேயே நின்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதே மேசைமேல் கிடக்கும் கைபேசியில் அதே வீடியோ தங்குதடையின்றி ஓடுகிறது.

கடையில் முதலில் பேச வேண்டியது வேறு விஷயம். உங்கள் சிபியு பெட்டி எங்கே இருக்கிறது? மேசைக்கு அடியிலா, மேலேயா? அதன் முதுகு சுவரை ஒட்டி நிற்கிறதா? ரவுட்டருக்கும் அதற்கும் நடுவில் எத்தனை சுவர்? வழியில் இரும்பு பீரோ ஏதாவது நிற்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் எந்த அடாப்டர் என்பது பாதி முடிவாகிவிடும். ஆன்டெனா எங்கே நிற்கப்போகிறது என்பதுதான் முதல் முடிவு. சிப்பின் வேகம், தலைமுறை எல்லாம் அதற்கு அடுத்தவை என்பது என் உறுதியான கருத்து. ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அதற்கு முன், பணம் மிச்சமாகக்கூடிய ஒரு சோதனை. உங்கள் கணினி கடந்த சில ஆண்டுகளில் வாங்கியது என்றால், பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். யுஎஸ்பி துளைகள் இருக்கும் வரிசையிலேயே, பொன்னிறத்தில், மரை போட்ட இரண்டு சின்னக் குமிழ்கள் தெரிகின்றனவா? அப்படியானால் மதர்போர்டிலேயே வைஃபை இருக்கிறது. அதற்குரிய ஆன்டெனாக்கள் மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டிக்குள் உறையைக்கூடப் பிரிக்காமல் கிடக்கும். அசெம்பிள் செய்து கொடுப்பவர் அவற்றைத் திருகாமல் விட்டிருப்பார். நாமும் “இந்த வைஃபை சரியில்லை” என்று முடிவு கட்டிவிடுவோம். அவற்றைத் தேடி எடுத்துத் திருகினால் வேலை முடிந்தது.

குமிழ்கள் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

வைஃபை என்பது வானொலிதான். வீட்டு ரவுட்டர் ஏறக்குறைய 100 மில்லிவாட் திறனில் அலையை வீசுகிறது. வாட்டில் பத்தில் ஒரு பங்கு. அது எல்லாத் திசையிலும் பரவி, சுவரில் உறிஞ்சப்பட்டு, இரும்பில் பட்டுத் திரும்பி, உங்கள் கணினியின் ஆன்டெனாவை வந்தடையும்போது மிஞ்சியிருப்பது, நல்ல சிக்னல் என்று சொல்லக்கூடிய இடத்திலேயே, ஒரு நானோவாட் அளவுதான். அதாவது வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வளவு சிறிய எண்களை வைத்துப் புழங்குவது சிரமம் என்பதால் பொறியாளர்கள் டெசிபல் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மில்லிவாட்டைச் சுழியமாக வைத்துக்கொண்டால் அந்த ஒரு நானோவாட் மைனஸ் 60 டிபிஎம். பத்து டெசிபல் குறைந்தால் திறன் பத்தில் ஒன்றாகும். மூன்று குறைந்தால் பாதியாகும். மைனஸ் 50 அருமையான சிக்னல். மைனஸ் 67 வரை நிம்மதியாக வேலை பார்க்கலாம். மைனஸ் 80-ஐத் தொட்டுவிட்டால் இணைப்பு விட்டுவிட்டுத்தான் வரும்.

அந்த ஒரு நானோவாட் வரும் பாதையில் சிபியு பெட்டி நிற்கிறது என்று வையுங்கள். அது நாலு பக்கமும் இரும்புத் தகடு. வானொலி அலை இரும்பை ஊடுருவாது. பெட்டியின் முகம் ரவுட்டரைப் பார்த்தும், முதுகு சுவரைப் பார்த்தும் இருந்தால், முதுகில் செருகிய குட்டி அடாப்டருக்கு நேர்வழியில் ஒன்றுமே கிடைக்காது. பக்கச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்து வருவதை மட்டும் வைத்து அது பிழைக்க வேண்டும். மேசை இரும்புக் கால்களோடு இருந்தால், பின்னால் யுபிஎஸ், ஒயர்க் குவியல் எல்லாம் சேர்ந்தால், நிலைமை இன்னும் மோசம். கைபேசிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அது மேசைமேல் திறந்த வெளியில் இருக்கிறது. சிக்னல் சரியில்லையென்றால் நாமே கையோடு எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். டெஸ்க்டாப் நகராது. வைத்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆகவே அதன் ஆன்டெனாவுக்கான இடத்தை ஒரு முறை நன்றாக யோசித்துத் தேர்ந்தெடுப்பது முழுக்க முழுக்க நம் கையில் இருக்கிறது.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். சிக்னலை டிபிஎம் கணக்கில் காட்டும் இலவசச் செயலிகள் ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கு நிறைய உண்டு. ஒன்றைப் போட்டுக்கொண்டு, கைபேசியைச் சிபியு பெட்டியின் பின்னால், அடாப்டர் செருகப்போகும் இடத்தில் ஒரு நிமிடம் வையுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மேசைமேல், மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைபேசியின் ஆன்டெனாவும் அடாப்டரின் ஆன்டெனாவும் ஒன்றல்ல. ஆனாலும் இரண்டு இடங்களுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் நம்பத்தக்கது. பத்து டெசிபல் வித்தியாசம் வந்தால், ஒன்றரை மீட்டர் தூரத்தில் பத்து மடங்கு திறன் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு விலையுயர்ந்த சிப் வாங்கினாலும் அந்தப் பத்து மடங்கை ஈடுகட்ட முடியாது.

எந்த அலைவரிசை என்பதும் இடத்தோடு சம்பந்தப்பட்டதே. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005-இல் உரிமத் தேவையிலிருந்து விடுபட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலமான பரப்பு 2018 அக்டோபரில் திறந்துவிடப்பட்டது. முதலாவதன் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர்; இரண்டாவதன் அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர். ஆன்டெனாவின் அளவு அலைநீளத்தைப் பொறுத்தது. அலை குறுகினால் ஆன்டெனாவும் குறுகும்; அது வாரிக்கொள்ளும் பரப்பும் குறுகும். அதனால் தடையே இல்லாத வெளியில்கூட, அதே தூரத்தில், அதே வகை ஆன்டெனா 5 கிகாவில் பிடிக்கும் திறன், 2.4-இல் பிடிப்பதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். போதாக்குறைக்குச் செங்கல் சுவரும் கம்பி கட்டிய கான்கிரீட்டும் குறுகிய அலையை இன்னும் அதிகமாக விழுங்குகின்றன. கீழ்த்தளத்துக் கூடத்தில் ரவுட்டர், மாடி அறையில் கணினி என்ற அமைப்பில் 5 கிகா திணறுவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் 2.4-ஐயே வைத்துக்கொண்டால் என்ன? தனி வீட்டில், தோட்டம் துரவு என்று அக்கம்பக்கம் தள்ளி இருந்தால், தாராளமாக வைத்துக்கொள்ளலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் கதையே வேறு. 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான்: 1, 6, 11. உங்கள் செயலியைத் திறந்து பார்த்தால் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு என்று ஒரு டஜன் ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பது தெரியும். புளூடூத் அதே இடத்தில் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பு இயங்கும்போது கசியும் அலையும் அதே இடத்தில் விழுகிறது. வைஃபை கருவி எதுவானாலும், பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்க வேண்டும். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். கூட்டம் கூடக் கூடக் காத்திருப்பும் கூடும். சிக்னல் முழுசாக இருந்தும் வேகம் வராததற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே, மலிவாகக் கிடைக்கிறதே என்று 2.4 மட்டும் பிடிக்கும் அடாப்டரை நகரவாசிகள் யாரும் இன்று வாங்க வேண்டாம். இரண்டையும் பிடிப்பதாக, அதாவது டூயல் பேண்டாக, வாங்குங்கள்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். பெட்டியில் ஏஎக்ஸ்1800 என்று போட்டிருக்கிறது. 1800 எங்கிருந்து வந்தது? 6-ஆம் தலைமுறை வைஃபை, 80 மெகாஹெர்ட்ஸ் அகலமான ஒரு தடத்தை மெல்லிய துணை அலைகளாகப் பிரித்துக்கொள்கிறது. அவற்றில் தரவைச் சுமப்பவை 980. ஒவ்வொன்றும் ஒரே துடிப்பில் 10 பிட் எடுத்துச் செல்லும். ஆறில் ஒரு பங்கு பிழைதிருத்தத்துக்குப் போய்விடும். மீதி ஐந்து பங்கு நமக்கு. ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் 13.6 மைக்ரோவினாடி. 980-ஐப் பத்தால் பெருக்கி, ஆறில் ஐந்து பங்கு எடுத்து, 13.6-ஆல் வகுத்தால் வினாடிக்கு 600 மெகாபிட் வருகிறது. இரண்டு ஆன்டெனா என்றால் 1201. இது 5 கிகாவில். அதே கணக்கை 2.4 கிகாவில் 40 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் 574. இரண்டையும் கூட்டினால் 1775. அதை முழுமையாக்கி 1800 என்று அச்சடிக்கிறார்கள்.

இந்தக் கூட்டல்தான் எனக்கு ஏற்க முடியாதது. இத்தகைய அடாப்டர் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். ஆகவே 1800 என்ற வேகம் எந்த நொடியிலும் எந்தக் கணினியிலும் கிடைக்காது. 5-ஆம் தலைமுறை அடாப்டரில் ஏசி600 என்று எழுதியிருந்தால் அது 433-உம் 150-உம் சேர்ந்தது. ஏசி1200 என்றால் 867-உம் 300-உம். ஏஎக்ஸ்3000 என்றால் 2402-உம் 574-உம். வாங்குபவர் பார்க்க வேண்டியது 5 கிகாவுக்கான எண்ணை மட்டும். அதிலும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் முன்னால் சேரும் முகவரித் தலைப்பு, ஒப்புகைச் செய்திகள், காத்திருப்பு எல்லாம் போக, கோப்பு இறங்கும் உண்மையான வேகம் நல்ல சூழலில் அதில் பாதியோ, சற்றுக் கூடுதலோதான்.

துடிப்புக்குப் பத்து பிட் என்பதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. பத்து பிட் அனுப்ப வேண்டுமானால், ஒரு துடிப்பின் வீச்சையும் கட்டத்தையும் 1024 வெவ்வேறு நிலைகளில் ஒன்றாக அமைக்க வேண்டும். எதிர்முனை அது எந்த நிலை என்று இரைச்சலுக்கு நடுவே அடையாளம் காண வேண்டும். ரவுட்டர் கண்ணில் படும் தூரத்தில்தான் இது ஒழுங்காக நடக்கும். ஒரு சுவர் குறுக்கே வந்தால் இரு கருவிகளும் பேசி வைத்து 256 நிலைக்கு இறங்கும். இன்னொரு சுவர் வந்தால் 64, 16 என்று இறங்கிக்கொண்டே போகும். 5-ஆம் தலைமுறையில் உச்சம் 256 நிலை, 6-இல் 1024, 7-இல் 4096. தலைமுறை ஏற ஏறக் கூடுவது பெரும்பாலும் ரவுட்டருக்குப் பக்கத்தில் இருப்பவருக்குக் கிடைக்கும் வேகம். இரண்டு சுவருக்கு அப்பால் இருக்கும் கணினிக்கு ஏஎக்ஸ்3000 வாங்கினாலும் ஏசி1200 வாங்கினாலும் கையில் கிடைப்பது கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கக்கூடும்.

ஆனால் ஆன்டெனா ஒன்றா, இரண்டா என்பதில் சமரசம் வேண்டாம். இங்கே ஒரு தமிழ்நாட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பொள்ளாச்சியில் 1944-இல் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், இளம் வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தவர். 1971 போரில் ‘குக்ரி’ போர்க்கப்பல் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட பிறகு, கடலுக்கடியில் ஒலியலையால் எதிரியைக் கண்டறியும் சோனார் கருவிகளை மேம்படுத்துவதில் இறங்கினார். இந்தியா சொந்தமாக உருவாக்கிய ‘அப்சோ’ சோனார் அவர் தலைமையில் உருவானது. பிறகு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், பல ஆன்டெனாக்கள் வெவ்வேறு செய்திகளை அனுப்பினாலும் எதிர்முனையில் பல ஆன்டெனாக்களை வைத்துப் பிரித்தெடுக்க முடியும் என்ற யோசனைக்கு, தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1994-இல் அது வழங்கப்பட்டது. ‘மிமோ’ என்று இன்று உலகம் சொல்வது இதைத்தான்.

இதில் வியப்பு என்னவென்றால், சுவரிலும் பீரோவிலும் பட்டுத் தெறிக்கும் எதிரொலிகள்தான் இந்த முறைக்கு வேலையை எளிதாக்குகின்றன. வானொலிப் பொறியாளர்கள் அதுவரை எதிரொலியைத் தொல்லையாகவே பார்த்துவந்தார்கள். இரண்டு ஆன்டெனாக்களிலிருந்து கிளம்பும் அலைகள் வெவ்வேறு சுவர்களில் பட்டு வெவ்வேறு வழியாக வருவதால், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அறிய முடிகிறது. 2009-இல் வந்த 802.11என் தரத்திலிருந்து வைஃபை இதைக் கையாள்கிறது. பால்ராஜுக்கு 2014-இல் மார்க்கோனி பரிசு கிடைத்தது. உங்கள் அடாப்டரில் இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பது அழகுக்காக இல்லை. சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அவை வேகத்தை இரட்டிப்பாக்குகின்றன. சிக்னல் பலவீனமான இடத்தில் ஒன்று பிடிக்காததை இன்னொன்று பிடிக்கிறது. இரண்டாவது பயன் டெஸ்க்டாப்புக்கு இன்னும் முக்கியம். ஏனென்றால் எதிரொலிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு சிக்னல் சுத்தமாக இல்லாமல் போகும் புள்ளிகள் எல்லா அறையிலும் உண்டு. நகராத கணினியின் ஒற்றை ஆன்டெனா அப்படி ஒரு புள்ளியில் மாட்டிக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும். சில சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்று இருந்தால் இரண்டுமே ஒருசேர மாட்டிக்கொள்வது அரிது.

இப்போது வடிவங்களைப் பார்க்கலாம். விரல் நகம் அளவுக்கு ஒரு யுஎஸ்பி குட்டி இருக்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்குள் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு ஆன்டெனா, அதுவும் சில மில்லிமீட்டர் நீளத் தடம். இரும்புப் பெட்டியை ஒட்டியே அது உட்கார்ந்திருக்கும். மடிக்கணினியின் பக்கவாட்டில் செருகுவதற்கு ஏற்ற சாமான் அது. மேசைக்கு அடியில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்ளலாம்.

வெளியே ஆன்டெனா நீட்டிய யுஎஸ்பி அடாப்டர் அடுத்தது. இதை வாங்குபவர் கூடவே வாங்க வேண்டியது, ஒரு முனை ஆணாகவும் மறுமுனை பெண்ணாகவும் உள்ள யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள், ஒன்றரை மீட்டர் நீளத்தில். சிலவற்றுக்குக் கேபிளோடு கூடிய ஒரு சிறு தாங்கியும் உடன் வரும். இதன் அருமை என்னவென்றால், அந்தக் கேபிளில் போவது தரவு. வானொலி அலை இல்லை. நல்ல கேபிளாக இருந்தால் ஒன்றரை மீட்டரில் எதுவும் இழப்பதில்லை. அடாப்டரை மேசைமேல், மானிட்டருக்கு மேல், அலமாரித் தட்டில் என்று எங்கே சிக்னல் நன்றாக இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் வைக்கலாம். நூறு ரூபாய்ச் சொச்சத்துக் கேபிள் செய்யும் இந்த வேலையை ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கும் சிப்பால் செய்ய முடியாது.

கேபிள் இன்னொரு தீமையிலிருந்தும் காப்பாற்றுகிறது. நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3 துளைகளில் தரவு வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் மின்காந்த இரைச்சல் அகலமான பரப்பில் பரவுகிறது, 2.4 கிகாஹெர்ட்ஸ் நேராக அதற்குள் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, யுஎஸ்பி 3 வெளிப்புற ஹார்டு டிஸ்க் இணைந்திருக்கும்போது பக்கத்தில் அந்த அலைவரிசையின் இரைச்சல் 20 டெசிபல் வரை உயர்வதை அளந்து காட்டியது. நூறு மடங்கு இரைச்சல்! ஹார்டு டிஸ்கைச் செருகியதும் ஒயர்லெஸ் மவுஸ் திக்கித் திக்கி நகர்வதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுவே. அடாப்டரை அந்தத் துளைகளிலிருந்து அரை மீட்டர் விலக்கினாலே பெரும் நிவாரணம். உங்கள் இணையத் திட்டம் 100 மெகாபிட்தான் என்றால், அடாப்டரைக் கறுப்பு நிற யுஎஸ்பி 2 துளையிலேயே செருகிவிடுங்கள். அதன் எல்லை 480 மெகாபிட். உங்களுக்கு அது தாராளம்.

மூன்றாவது, மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு. நிலையாக இயங்கும், சூடு தாங்கும், யுஎஸ்பியின் நெருக்கடி இல்லை. திறந்து பார்த்தால் மடிக்கணினிகளில் இருக்கும் அதே குட்டி எம்.2 தகடுதான் உள்ளே மாட்டியிருக்கும். விளையாட்டு, வீடியோ அழைப்பு, பெரிய கோப்புகள் என்று புழங்குபவருக்கு இதுவே நல்ல தேர்வு. வாங்குமுன் பெட்டியைத் திறந்து காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் அடியில் ஸ்லாட் மறைந்திருக்கும். அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்டு விற்பனைக்கு வரும் ஒல்லிப் பெட்டிகளுக்குப் பாதி உயரத் தகடு வேண்டும். கார்டோடு அதுவும் வருகிறதா என்று கேளுங்கள். புளூடூத்தும் வேண்டும் என்றால், கார்டிலிருந்து மதர்போர்டின் ஒன்பது முள் யுஎஸ்பி இணைப்புக்கு ஒரு சிறு ஒயர் போக வேண்டும். அதை மாட்ட மறந்துவிட்டு “புளூடூத் வரவில்லை” என்று கடைக்குத் திருப்பி எடுத்துப்போகிறவர்கள் ஏராளம்.

கார்டின் பலவீனம் அதன் ஆன்டெனா பெட்டியின் முதுகிலேயே திருகப்படுவது. அடிக்காந்தத்தோடும் கேபிளோடும் தனியாக வரும் ஆன்டெனா உள்ள கார்டைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். மேசைமேல் எடுத்து வைத்துவிடலாம். இந்தக் கேபிளில் போவது வானொலி அலையே என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய கேபிளில் ஒவ்வொரு மீட்டருக்கும் 5 கிகா அலையின் கணிசமான பங்கு வீணாகும். ஒரு மீட்டருக்கு மேல் நீட்டுவது நல்லதல்ல.

ஆன்டெனாவை எப்படி நிறுத்துவது? நேராக நிற்கும் கம்பி ஆன்டெனா அலையை வீசும் வடிவம் ஒரு மெதுவடை போன்றது. கம்பி, வடையின் ஓட்டைக்குள் செங்குத்தாக நிற்கிறது. சுற்றிலும் பக்கவாட்டில் சிக்னல் தடிமனாக இருக்கிறது. கம்பியின் நுனி காட்டும் திசையில் ஓட்டைதான். 2 டிபிஐ, 5 டிபிஐ என்று பெட்டியில் போட்டிருப்பது அதே வடையை எவ்வளவு தட்டையாக அழுத்தியிருக்கிறார்கள் என்பதன் கணக்கு. அழுத்தினால் பக்கவாட்டில் தூரம் போகும், மேலும் கீழும் மெலியும்; மாவு அதே அளவுதான். ரவுட்டர் அதே தளத்தில் இருந்தால் இரண்டு கம்பிகளையும் நிமிர்த்தி வையுங்கள். ரவுட்டர் நேர் மேலேயோ நேர் கீழேயோ இருந்தால் ஒன்றையாவது படுக்க வையுங்கள். ரவுட்டரை நோக்கிக் கம்பியைத் துப்பாக்கிபோல் நீட்டுவது பலரும் செய்யும் காரியம். அது ஓட்டையை ரவுட்டருக்குக் காட்டுவதாகும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பிறகு சிப்பைப் பற்றிக் கவலைப்படலாம். விண்டோஸ் என்றால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. லினக்ஸ் பயன்படுத்துபவர்கள், கார்டுக்குள் இருப்பது இன்டெல் சிப்பா, மீடியாடெக்கா, ரியல்டெக்கா என்று கேட்டே வாங்க வேண்டும். முதல் இரண்டுக்கும் கெர்னலிலேயே டிரைவர் இருப்பது வழக்கம். ரியல்டெக்கின் யுஎஸ்பி சிப்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் தனியாகத் தேடி நிறுவ வேண்டியிருந்தது. ஒரே மாடல் பெயரில், பதிப்பு எண் மட்டும் மாறி, உள்ளே வேறு சிப்போடு வருவதும் உண்டு. பழைய மதிப்புரையைப் படித்துவிட்டு வாங்கினால் கையில் கிடைப்பது வேறாக இருக்கலாம். எம்.2 தகட்டைத் தனியாக வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 பொதுவாக எல்லா மதர்போர்டிலும் வேலை செய்யும், ஒரே ஒரு இலக்கம் மாறிய ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 இன்டெல்லின் குறிப்பிட்ட சில மதர்போர்டுகளில் மட்டுமே வேலை செய்யும். 7-ஆம் தலைமுறையின் பிஇ200, ஏஎம்டி மதர்போர்டுகள் பலவற்றில் எழுந்திருப்பதே இல்லை.

தலைமுறை விஷயத்தில் என் தீர்ப்பு இது. ரவுட்டர் 5-ஆம் தலைமுறை, இணையம் 100 அல்லது 200 மெகாபிட் என்றால் இரட்டை ஆன்டெனா ஏசி1200 போதும். ரவுட்டர் 6-ஆம் தலைமுறை, அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் ஏஎக்ஸ்1800 அல்லது ஏஎக்ஸ்3000 வாங்குங்கள். ஒரே தடத்தைப் பல கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வசதி நெரிசலில் உதவும். 6 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்கும் 6இ, 7-ஆம் தலைமுறைக் கருவிகளுக்கு இந்தியாவில் அவசரம் வேண்டாம். அமெரிக்கா 2020-இலேயே அந்த அலைவரிசையில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. இந்தியாவில் 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 500 மெகாஹெர்ட்ஸுக்கான வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதத்தில்தான் வெளியிட்டது. 7-ஆம் தலைமுறை பெருமையாகச் சொல்லும் 320 மெகாஹெர்ட்ஸ் தடம் அந்த இடத்துக்குள் ஒன்றே ஒன்றுதான் அடங்கும். தவிர, 6 கிகாவுக்கு விண்டோஸ் 11 வேண்டும்; விண்டோஸ் 10-இல் அந்த அலைவரிசை தெரியாது.

மலிவான அடாப்டர் கணினியை மட்டும் பாதிப்பதில்லை என்பதையும் வீட்டில் மற்றவர்களுக்காகச் சொல்ல வேண்டும். ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்று பார்த்தோம். 10 மெகாபைட் கோப்பை 500 மெகாபிட்டில் அனுப்பினால் 0.16 வினாடியில் முடிந்துவிடும். மோசமான இடத்தில் மாட்டிக்கொண்டு 50 மெகாபிட்டில் திணறும் கணினி, அதே கோப்புக்கு 1.6 வினாடி எடுத்துக்கொள்ளும். அந்த நேரம் முழுவதும் கூடத்தில் படம் பார்க்கும் அப்பாவும், பக்கத்து அறையில் இணைய வகுப்பில் இருக்கும் பிள்ளையும் காத்திருக்க வேண்டும். உள்ளறைக் கணினியின் சிக்னலைச் சீராக்கினால் வீடு முழுக்க நெட் சீராகும்.

இன்னொன்றையும் மனதாரச் சொல்கிறேன். ரவுட்டரிலிருந்து கணினி வரை சுவர் ஓரமாக ஒயர் இழுக்க வழி இருந்தால், அடாப்டரே வாங்காதீர்கள். கேட்6 கேபிள் 100 மீட்டர் வரை வினாடிக்கு ஒரு கிகாபிட்டை இரு திசையிலும் ஒரே நேரத்தில் கொண்டுபோகும். அதற்குச் சுவர் பொருட்டல்ல, பக்கத்து வீட்டு ரவுட்டர் பொருட்டல்ல. நகராத கணினிக்கு நகராத ஒயர் மிகவும் பொருத்தமானது. வாடகை வீடு, துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை, மாடிக்கு ஒயர் போக வழியில்லை என்பவர்களுக்கே அடாப்டர்.

அந்த நிலையில் இருக்கும் வாசகர்கள் கடைக்குக் கிளம்புமுன் இன்று மாலையே கைபேசியை எடுத்து, சிபியு பெட்டியின் பின்னாலும் மேசைமேலும் வைத்து இரண்டு எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் மூன்று நான்கு டெசிபல்தான் என்றால் எந்த வடிவமும் சரி. பத்தை நெருங்கினால் எக்ஸ்டென்ஷன் கேபிளோ காந்த அடி ஆன்டெனாவோ இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். மேசைமேல் வைத்தும் மைனஸ் 80-தான் காட்டுகிறது என்றால் எந்த அடாப்டரும் உங்களைக் காப்பாற்றாது. அந்தப் பணத்தை ரவுட்டரை நடுவீட்டுக்கு மாற்றுவதற்குச் செலவிடுங்கள்.